புதுச்சேரி, கடலூர் ரயில் நிலையங்களில் நடைமேடையும் தடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூருக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போது எந்த நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

கடலூரில் முக்கியமான நிலையங்கள் இரண்டு. ஒன்று பேருந்து நிலையத்தை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர். ஊரார் வாயில் அது திருப்பாப்புலியூர். மற்றொன்று முதுநகரில் உள்ள கடலூர் துறைமுகம் சந்திப்பு. விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாக வரும் வண்டி முதலில் திருப்பாதிரிப்புலியூரை அடைந்து, அதன்பின் துறைமுகம் சந்திப்பைத் தொட்டு, சிதம்பரம், மயிலாடுதுறை நோக்கிச் செல்கிறது. குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் செல்லும் பாதை துறைமுகம் சந்திப்பிலிருந்து பிரிவதால்தான் அந்த நிலையத்துக்குச் ‘சந்திப்பு’ என்ற அடைமொழி சேர்ந்தது.

எல்லா வண்டிகளும் இரண்டு நிலையங்களிலும் நிற்பதில்லை. ஆகவே ‘கடலூர்’ என்று தட்டச்சு செய்து முதலில் வரும் பெயரைத் தெரிவு செய்துவிடாமல், உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் கால அட்டவணையில் சரிபார்த்துக் கொள்ளுங்கள். மைசூருவிலிருந்து மயிலாடுதுறை வரை வந்துகொண்டிருந்த விரைவு வண்டி 2024இல் கடலூர் வரை நீட்டிக்கப்பட்டது. தெற்கிலிருந்து வரும் அந்த வண்டி துறைமுகம் சந்திப்போடு பயணத்தை முடித்துக்கொள்கிறது. மஞ்சக்குப்பத்தில் குடியிருப்பவர் தம் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையம் என்று நினைத்துத் திருப்பாதிரிப்புலியூரில் அதற்காகக் காத்திருந்தால் வண்டியைத் தவறவிட நேரும்.

நடைமேடை எண்ணும் தடத்தின் எண்ணும் ஒன்றுதானா?

இல்லை. நடைமேடை எண் என்பது பயணிகள் ஏறி இறங்கும் விளிம்புக்கு இடப்படும் எண். இரு தடங்களுக்கு நடுவே தீவு போல அமைந்த ஒரே மேடைக்கு இரண்டு விளிம்புகள் இருப்பதால், அதன் இரு பக்கங்களும் இரண்டு எண்களைப் பெறுகின்றன. தடங்களுக்கு ரயில்வே ஊழியர்கள் வைத்துக்கொள்ளும் எண்வரிசை வேறு. அதில் மேடையே இல்லாத தடங்களும் சேரும். சரக்கு வண்டி ஒதுங்கி நிற்கும் மேடையில்லாத லூப் லைன் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மீண்டும் அதிலேயே சேரும் பக்கத்தடம்), காலிப் பெட்டிகளை நிறுத்திவைக்கும் தடம், பெட்டிகளின் அடிப்பகுதியைச் சோதிக்கப் பள்ளம் வெட்டிய பிட் லைன் ஆகியவை அத்தகையவை. ‘நான்கு தண்டவாளங்கள் காலியாகக் கிடக்கின்றனவே, ஏன் வண்டியை உள்ளே விடவில்லை?’ என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கருத வேண்டும். காலியாகக் கிடக்கும் தடத்துக்கு மேடை இல்லையென்றால் பயணிகள் வண்டிக்கு அதனால் பயனில்லை.

எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வர வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

வழக்கமாக ஓடும் வண்டிகளுக்கு நடைமேடை முன்கூட்டியே திட்டமிடப்பட்டிருக்கும். அன்றன்றைக்கு அதை நடைமுறைப்படுத்துபவர் பணியிலுள்ள ஸ்டேஷன் மாஸ்டர். புதுச்சேரி, கடலூர் நிலையங்களும், அவற்றை விழுப்புரத்தோடு இணைக்கும் பாதைகளும் தெற்கு ரயில்வேயின் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தில் அடங்குகின்றன. வண்டிகளின் ஓட்டத்தைக் கோட்டக் கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையிட்டு, எந்த வண்டிக்கு முன்னுரிமை என்பதை நிலையங்களுக்குத் தெரிவிக்கிறது.

ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்த மாத்திரத்தில் எதையும் மாற்றிவிட முடியாது. அவர் முன்னாலுள்ள பேனலிலோ கணினித் திரையிலோ ஒரு வழித்தடத்தைத் தெரிவு செய்ததும், அவ்வழியிலுள்ள பாயிண்டுகள், அதாவது தண்டவாளம் கிளை பிரியும் இடத்தில் அசையும் நாக்குகள், உரிய பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தடத்தில் வேறு வண்டி இல்லை என்பது உறுதியாக வேண்டும். வழியில் கேட் இருந்தால் அதுவும் மூடிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இவை அனைத்தும் நிறைவேறிய பின்னரே சிக்னல் சிவப்பிலிருந்து மாறும். ஒன்றுக்கொன்று முரணான இரு வழித்தடங்களுக்கு ஒரே சமயத்தில் சிக்னல் விழாதபடி தடுக்கும் இந்தப் பிணைப்பையே இன்டர்லாக்கிங் என்கிறார்கள். பயணிகளின் உயிரைக் காப்பது இதுதான். மேடை மாற்றம் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதும் இதனால்தான்.

திட்டமிடும்போது கவனிக்கப்படுபவை பல. நிலையத்தில் நிற்காமல் செல்லும் வண்டிக்குத் திருப்பமில்லாத மெயின் லைன் தேவை. நீண்ட வண்டிக்கு அதன் எல்லாப் பெட்டிகளும் அடங்கும் நீளமுள்ள மேடை தேவை. வெகுநேரம் நிற்கப்போகும் வண்டியை மற்ற வண்டிகளின் வழியை மறிக்காத தடத்தில் நிறுத்த வேண்டும். பெட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டுமென்றால் குழாய் வரிசை உள்ள தடம் வேண்டும். இவற்றோடு, முதியவர்கள் மேம்பாலம் ஏறாமல் வெளியேறும்படி நிலையக் கட்டடத்தை ஒட்டிய முதல் நடைமேடைக்கே இயன்றவரை வண்டிகளைக் கொண்டுவர வேண்டும் என்பதும் ஒரு காரணமாகக் கொள்ளப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிவித்த பிறகும் நடைமேடையை ஏன் மாற்றுகிறார்கள்?

முன்னால் வந்த வண்டி குறித்த நேரத்தில் கிளம்பாமல் தடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் மிகப் பொதுவான காரணம். பெட்டியில் பழுது, இன்ஜினில் கோளாறு, எதிரே வரும் வண்டியின் தாமதம் என்று அதற்குப் பின்னால் ஏதேனும் ஒன்று இருக்கும். பாயிண்ட் பூட்டிக்கொள்ள மறுப்பதும் உண்டு. அப்போது அந்தப் பாயிண்டைத் தொடாத வேறொரு தடம் வழியாக வண்டியை உள்ளே எடுப்பதே பாதுகாப்பு.

இப்படி மாற்றுவதில் குறை சொல்ல இடமில்லை. மாற்றத்தைக் காலந்தாழ்த்திச் சொல்வதுதான் குறை. சில ஆண்டுகளுக்கு முன், பெயர் வேண்டாத ஒரு நிலையத்தில், முழங்கால் வலியுள்ள என் தாயாரை மூன்றாம் நடைமேடையில் உட்காரவைத்திருந்தேன். வண்டியின் முகவிளக்கு கண்ணில் பட்ட பிறகே முதல் நடைமேடை என்று ஒலிபெருக்கி அறிவித்தது. படிக்கட்டில் ஏறி இறங்கி அவர் பெட்டியைப் பிடிப்பதற்குள் பட்ட பாடு இன்றும் என் நினைவிலிருந்து அகலவில்லை. சிக்னல் கொடுக்கும் முன்பே எந்தத் தடம் என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த நொடியிலேயே அறிவிப்பும் வர வேண்டும் என்று கேட்பது பயணியின் நியாயமான உரிமை.

நடைமேடை காலியாக இருக்கிறது. ஆனாலும் வண்டியை ஏன் ஊருக்கு வெளியே நிறுத்துகிறார்கள்?

விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாக மயிலாடுதுறை செல்வதும், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வருவதும் ஒற்றைப் பாதைகள். எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றையொன்று நிலையத்தில்தான் கடக்க முடியும். இதைத்தான் ‘கிராசிங்’ என்கிறோம். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம் என்பதால், ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த நிலையத்திடம் ‘லைன் கிளியர்’ கேட்டுப் பெற்ற பிறகே வண்டியை அனுப்ப முடியும்.

நிலையத்தின் நுழைவாயிலில் நிற்பது ஹோம் சிக்னல். அது வண்டியை உள்ளே அனுமதிக்க வேண்டுமானால், வண்டி நிற்கப்போகும் தடம் மட்டும் காலியாக இருந்தால் போதாது. அத்தடத்தின் மறுமுனையிலுள்ள ஸ்டார்ட்டர் சிக்னலைத் தாண்டி மேலும் 120 மீட்டர் தொலைவு வரை பாதை தடையின்றி இருக்க வேண்டும். ஓட்டுநரின் பிரேக் சற்றுப் பிந்தி, வண்டி சிக்னலைக் கொஞ்சம் தாண்டி நின்றாலும் வேறு வண்டியோடு மோதிவிடக் கூடாது என்பதற்காக விடப்படும் இடைவெளி இது. இனி ஒற்றைப் பாதை நிலையத்தின் அமைப்பை மனத்தில் வரைந்து பாருங்கள். வடக்கிலிருந்து ஒரு வண்டியும் தெற்கிலிருந்து ஒரு வண்டியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வருகின்றன. வடக்கிலிருந்து வரும் வண்டிக்கு விடப்படும் அந்த 120 மீட்டர், தெற்கிலிருந்து வரும் வண்டி உள்ளே நுழைய வேண்டிய பாயிண்டுகளின் மீதே விழுந்துவிடலாம். அந்நிலையில் முதல் வண்டி உள்ளே வந்து முழுதாக நின்ற பிறகே இரண்டாம் வண்டிக்குச் சிக்னல் கிடைக்கும். இரண்டு மேடைகளும் இரண்டு தடங்களும் இருந்தும் ஒரு வண்டி சவுக்குத் தோப்பு ஓரமாகக் காத்து நிற்பதன் காரணம் இதுவே.

உள்ளே வந்து நிற்கும் வண்டியின் கடைசிப் பெட்டியும் முக்கியம். இரு தடங்கள் நெருங்கி ஒன்றுசேரும் இடத்தில், அவற்றின் நடுவே ஒரு வெள்ளைக் குறி பதித்திருப்பார்கள். அதைத் தாண்டி எந்தப் பெட்டியின் வாலாவது நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துத் தடத்தில் செல்லும் வண்டி அதை உரசிவிடும். வண்டி அந்தக் குறிக்கு உள்ளே முழுதாக அடங்கியதா, கடைசிப் பெட்டி வழியில் கழன்றுவிடாமல் வந்து சேர்ந்ததா என்பது உறுதியானால்தான் அடுத்த வேலை நடக்கும். கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய பெருக்கல் குறி வரையப்பட்டிருப்பதும் இதற்காகத்தான். இப்போது பல இடங்களில் உள்ளே வந்த அச்சுகளையும் வெளியே சென்ற அச்சுகளையும் எண்ணி ஒப்பிடும் கருவிகள் இதைச் செய்கின்றன.

கிராசிங்கில் எந்த வண்டி முதலில் செல்லும்?

பொதுவாக விரைவு வண்டிக்கு வழிவிட்டுப் பயணிகள் வண்டி காத்திருக்கும். இரண்டுக்கும் வழிவிட்டுச் சரக்கு வண்டி காத்திருக்கும். தாமதமாகிவிட்ட வண்டி மற்ற வண்டிகளின் அட்டவணையையும் குலைக்காமல் இருக்கச் சில சமயம் இந்த வரிசையைக் கட்டுப்பாட்டு அறை மாற்றும்.

நிலையத்துக்குள் நுழையும்போது வண்டி ஏன் இவ்வளவு மெதுவாக ஊர்கிறது?

மெயின் லைனிலிருந்து லூப் லைனுக்குத் திரும்பும் இடத்தின் கோணம்தான் வேகத்தை முடிவு செய்கிறது. எட்டரைக்கு ஒன்று, அதாவது எட்டரை அடி முன்னேறும்போது ஓரடி விலகும் அளவில் அமைந்த திருப்பத்தில் வழக்கமாக மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம்தான் அனுமதி. சற்றே மெல்ல வளையும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற திருப்பத்தில் 30 கிலோமீட்டர். இன்ஜின் திரும்பிவிட்டாலும் கடைசிப் பெட்டி அந்த இடத்தைக் கடக்கும் வரை வேகத்தைக் கூட்ட முடியாது. நீண்ட வண்டியென்றால் நிலையத்தின் முழு நீளத்தையும் அதே ஊர்தலோடு கடக்க வேண்டியிருக்கும்.

ஹோம் சிக்னலில் மஞ்சள் விளக்கோடு வரிசையாக ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்வாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். பாதை பக்கவாட்டில் பிரிகிறது என்று ஓட்டுநருக்கு அது முன்கூட்டியே சொல்கிறது. அந்த விளக்குகள் எரியவில்லையென்றால் வண்டி நேர்த்தடத்தில் செல்கிறது என்று பொருள். மேடையில் நிற்கும் சிறுவர்கள்கூட இதைக் கற்றுக்கொண்டு, வண்டி எந்தத் தடத்துக்கு வருகிறது என்று பெரியவர்களுக்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

புதுச்சேரியில் வந்து சேரும் வண்டிக்கு அதன்பின் என்ன நடக்கிறது?

புதுச்சேரி ஒரு முனைய நிலையம். 1879இல், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், விழுப்புரத்திலிருந்து மீட்டர் பாதையாக வந்து சேர்ந்த இந்தக் கிளை, பின்னர் அகலப் பாதையாகி, மின்மயமும் ஆகிவிட்டது. ஆனால் சுப்பையா சாலையோரம் முடிந்த பாதை இன்றும் அங்கேயே முடிகிறது. வில்லியனூர் வழியாக வரும் ஒவ்வொரு வண்டியும் வந்த வழியே திரும்ப வேண்டும். இதனால் கடந்துசெல்லும் நிலையங்களில் இல்லாத வேலைகள் இங்கே உண்டு.

இன்ஜின் இழுத்து வரும் வண்டி நின்றதும், இன்ஜின் பாதை முடியும் பக்கத்தில் அகப்பட்டுக்கொள்கிறது. அதைக் கழற்றி, பக்கத்துத் தடம் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் பூட்டலாம். அல்லது வேறோர் இன்ஜினை மறுமுனையில் பூட்டலாம். முதல் முறைக்குப் பக்கத்துத் தடமொன்று காலியாக இருக்க வேண்டும். இரண்டாவது முறையில் வந்த இன்ஜின், பெட்டிகள் நகரும் வரை சிறைப்பட்டு நிற்கும். பூட்டிய பிறகு பிரேக் குழாய்களை இணைத்து, காற்றழுத்தம் கடைசிப் பெட்டி வரை சரியாகச் சென்று சேர்கிறதா என்று சோதிக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

தனி இன்ஜின் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் மெமு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்கு இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் இந்த முனையிலிருந்து இறங்கி அந்த முனைக்கு நடந்துசென்று கிளப்பலாம். ஒரே மேடையில் குறைந்த நேரம் நின்று திரும்பிவிடுவதால், தடங்கள் குறைவான முனைய நிலையத்துக்கு மெமு மிகவும் பொருத்தமானது.

டெல்லி, ஹவுரா போன்ற தொலைவூர்களிலிருந்து வரும் வண்டிகளின் நிலை வேறு. பயணிகள் இறங்கியதும் மொத்தப் பெட்டித் தொடரையும் மேடையிலிருந்து விலக்கி, சுத்தம் செய்து, படுக்கை விரிப்பு மாற்றி, தண்ணீர் ஏற்றி, அடிப்பாகத்தைச் சோதித்து, மீண்டும் புறப்பாட்டுக்குச் சற்று முன் மேடைக்குத் தள்ளிவர வேண்டும். இந்தத் தள்ளுதல் இழுத்தல் அனைத்துக்கும் ஷன்டிங் என்று பெயர். காலை வேளையில் ஒரு வண்டி தாமதமாக வந்தால், அது மேடையை விடுவதும் தாமதமாகி, அடுத்த வண்டியின் இடமும் பறிபோகிறது. ‘நான் போக வேண்டிய வண்டி இங்கேதானே புறப்படுகிறது, ஏன் தாமதம்?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே பதில். புறப்படும் வண்டி என்பது பல சமயம், இன்னும் வந்து சேராத வண்டியின் பெட்டிகள்தாம்.

புதுச்சேரியின் கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ஆலை அருகேயுள்ள ரயில்வே கேட்டை ஏன் வண்டி வருவதற்கு வெகு முன்பே மூடுகிறார்கள்?

சிக்னலோடு பிணைக்கப்பட்ட கேட்டில் வரிசை இதுதான்: கேட் மூடிப் பூட்டிய பிறகுதான் சிக்னல் மாறும், சிக்னல் மாறிய பிறகுதான் வண்டி வேகம் குறையாமல் நெருங்க முடியும். ஓடிவரும் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது என்பதால், ஓட்டுநர் தொலைவிலேயே சாதகமான சிக்னலைப் பார்க்க வேண்டும். ஆகவே வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே கேட் மூடுகிறது. கேட்டில் நிற்பவரின் எரிச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆம்புலன்ஸ் அகப்பட்டுக்கொள்ளும்போது வயிறு கலங்குகிறது. அதற்குத் தீர்வு கேட்டைத் தாமதமாக மூடுவதில் இல்லை. சாலையைப் பாதைக்கு மேலோ கீழோ கொண்டுசெல்வதில் இருக்கிறது. மூடும் கேட்டுக்குள் இருசக்கர வண்டியை நுழைப்பவர், கேட் பூட்டிக்கொள்வதைத் தடுத்து, சிக்னலைச் சிவப்பிலேயே நிறுத்தி, எல்லாருடைய காத்திருப்பையும் நீட்டிக்கிறார்.

என் பெட்டி மேடையில் எந்த இடத்தில் நிற்கும்?

பெட்டி வரிசை இன்ஜினிலிருந்து எண்ணிச் சொல்லப்படுகிறது. வழியில் ஏதேனும் ஒரு சந்திப்பில் வண்டி திசை மாறினால், முன்னால் இருந்த பெட்டி பின்னாலாகிவிடும். முனைய நிலையத்திலும் அப்படியே: புதுச்சேரிக்கு வரும்போது இன்ஜினை அடுத்திருந்த பெட்டி, புறப்படும்போது கடைசியாக இருக்கும். போன பயணத்தின் நினைவை நம்பி நிற்காமல், மேடையிலுள்ள பெட்டி எண் பலகையைப் பாருங்கள். பழைய வகைப் பெட்டி ஏறத்தாழ 22 மீட்டர் நீளம், புதிய எல்.எச்.பி. பெட்டி ஏறத்தாழ 24 மீட்டர். பெட்டிக்கணக்கில் பத்துப் பெட்டி தள்ளி நிற்பவர் கால் கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும் என்பதை இதிலிருந்தே கணக்கிடலாம். திருப்பாதிரிப்புலியூர் போன்ற வழிநிலையங்களில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடங்கள்தான் என்பதால் அந்த ஓட்டத்துக்கு நேரம் இருக்காது.

சில மேடைகளில் படி உயரமாகவும், சிலவற்றில் சமமாகவும் இருப்பது ஏன்?

உயர்மட்ட மேடை தண்டவாளத்தின் தலைமட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை உயரம் கொண்டது. தாழ்ந்த மேடையின் உயரம் 455 மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கும். சிற்றூர் நிலையங்களில் தரைமட்ட மேடைகளும் உள்ளன. உயர்மட்ட மேடையிலும் பெட்டிக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி இருந்தே தீரும். ஓடும் பெட்டி பக்கவாட்டில் அசைவதால் அதை முற்றிலும் மூட முடியாது. நகரும் வண்டியில் ஏற முயல்பவர்கள் அந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள். எனவே வண்டி முழுதாக நின்ற பின் ஏறுங்கள்.

ஆள் நடமாட்டம் குறைந்த நிலையத்தில் தண்டவாளத்தைக் கடந்து அடுத்த மேடைக்குப் போகலாமா?

கூடாது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி, அத்துமீறி நுழைபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தண்டனை அஞ்சவைக்காவிட்டாலும் இதை நினையுங்கள்: மின்சார இன்ஜின்கள் நிலக்கரிக் காலத்து வண்டிகளைப் போல இரைந்துகொண்டு வருவதில்லை. நின்றிருக்கும் வண்டியின் மறைவில் இரண்டாம் தடத்தில் வருவது தெரியாது. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. நின்றிருக்கும் சரக்குப் பெட்டியின் மேல் ஏறிக் கடப்பது, கம்பியைத் தொடாவிட்டாலும் உயிரைப் பறிக்கும்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நேராக ரயிலில் செல்ல முடியுமா?

முடியாது. சாலை வழியே அருகருகே இருக்கும் இவ்விரு ஊர்களுக்கும் இடையே இருப்புப்பாதை இல்லை. விழுப்புரம் சென்று, அங்கே வண்டி மாறி, மீண்டும் கடலோரம் நோக்கி வர வேண்டும். பேருந்தே நல்லது.

விழுப்புரத்தில் மாறும்போது மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைப் பாதைகள் அங்கே சந்திக்கின்றன. ஒரு திசையிலிருந்து வந்து மற்றொரு திசைக்குச் செல்லும் வண்டி நிலையத்தின் கழுத்தில், அதாவது தடங்கள் ஒன்றுசேரும் முனையில், பிற தடங்களைக் குறுக்காகக் கடக்க நேரும்போது, அத்தடங்களுக்கான சிக்னல்கள் எல்லாம் அந்நேரம் சிவப்பில் நிற்க வேண்டும். எனவே ஒரு வண்டியின் தாமதம் மற்ற நான்கு திசைகளையும் தொடும். அங்கே வண்டி மாறுபவர்கள், அட்டவணையில் பத்து நிமிட இடைவெளி இருக்கிறதே என்று துணியாமல், ஒரு வண்டி முந்தியே சென்று சேர்வது நல்லது.

நடைமேடையை முன்கூட்டியே அறிய என்ன வழி?

139 என்ற எண்ணில் வண்டியின் ஓட்ட நிலையைக் கேட்கலாம். ரயில்வேயின் அதிகாரபூர்வச் செயலியிலும் பார்க்கலாம். அதில் காட்டப்படும் நடைமேடை எண் எதிர்பார்ப்பு மட்டுமே. இறுதிச் சொல் நிலையத்தின் ஒலிபெருக்கியுடையது. சக்கர நாற்காலி தேவைப்படுபவரோடு செல்கிறீர்கள் என்றால், வண்டி வருவதற்கு அரை மணி நேரம் முன்பாகவே ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு நேரில் சென்று, வண்டி எண்ணையும் பெட்டியையும் சொல்லி, எந்த மேடை என்று கேளுங்கள். அந்த வண்டியைக் கட்டடத்தை ஒட்டிய மேடைக்கு எடுக்க இயலுமானால் எடுக்கும்படியும் வேண்டிக்கொள்ளுங்கள். எதிரே கிராசிங் இல்லாத நேரமாக இருந்தால், பாயிண்டும் தடமும் அனுமதிக்குமானால், அது செய்யக்கூடியதே.